சங்குமேட்டுச் சாமிக்கு என் புருஷன் முகம்

தண்ணியில போறதுன்னாலே எனக்கு ஆகாது. ஆத்துல இடுப்பளவு தண்ணிக்கு மேல எறங்கினதில்ல. அப்படிப்பட்ட என்னையும் ஒரு படகுல ஏத்தி உக்கார வெச்சாரு தௌபீக் அண்ணன். என் புருஷனோட காலேஜ் சிநேகிதர். முத்துப்பேட்டைக்காரர், துபாய்லேருந்து லீவுல வந்திருந்தாரு. "நன்னிலத்துல இருந்துக்கிட்டு இன்னும் எங்க ஊர் லகூனைப் பாக்கலையாடா, வெக்கமா இல்ல?"ன்னு போன்ல என் புருஷனைப் பிடிபிடின்னு பிடிச்சாரு. அறுவடை முடிஞ்சு மனுஷன் சும்மாதான் இருந்தாரு. கிளம்பிட்டோம்.

நான் செவ்வந்தி. எனக்கு வாய் நீளம்னு எங்க தெருவுல பேரு. இருக்கட்டும், வாய் இல்லேன்னா இந்தக் குடும்பத்துல என்னைக்கோ என்னை வித்துச் சாப்பிட்டிருப்பாங்க. புருஷன் பேரு வளவன். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்"பாரு. அவரோட அப்பா, என் மாமனாரு வீரையன், அதுக்கு நேர் எதிர். விவசாயத் தொழிலாளர் சங்கத்துல காலமெல்லாம் கொடி பிடிச்ச மனுஷன். சாமி கிடையாது, பூசை கிடையாது, திருநீறு கிடையாது. நாங்க கோயிலுக்குப் போனா வெளிய நின்னு செருப்புக்குக் காவல் இருப்பாரு. "உள்ள இருக்கறவரைவிட இதுதான் காணாமப் போகும்"னு கிண்டல் வேற.

அவரையும் கூட்டிக்கிட்டுத்தான் போனோம். அவரை வீட்டுல தனியா விட எங்களுக்கு மனசு வராது. ஏன்னு சொல்லணும்னா சின்னவனைப் பத்திச் சொல்லணும்.

என் கொழுந்தன் அறிவுச்செல்வன். அறிவுன்னுதான் கூப்பிடுவோம். கஜா புயல் வந்த வருஷம் மலேசியாவுக்குக் கிளம்பினான். அவன் சேக்காளிங்க கடைத்தெருவுல ஃபிளெக்ஸ் வெச்சு, அதுல கறுப்புக் கண்ணாடியோட அவனை நிக்க வெச்சு, 'மலேசியா செல்லும் எங்கள் தங்கமே'ன்னு போட்டு, வெடி வெடிச்சு அனுப்பினாங்க. போய்ச் சேந்துட்டேன்னு வாட்ஸ்அப்ல பேசினான். மறுபடி ஒரு தடவை பேசினான். அப்புறம் புயல் வந்து எங்களுக்கே கரண்டு இல்ல, டவர் இல்ல. எல்லாம் சரியாகி நாங்க கூப்பிட்டா, அவன் நம்பர் போகவே இல்ல.

எங்கெங்கயோ மனு கொடுத்தோம். அந்தப் பேர்ல யாரும் மலேசியாவுக்கு வரலேன்னு பதில் வந்துச்சு. ஊரே கசமுசன்னு பேசுச்சு. மாமா மட்டும் அசரல. "வேற பேர்ல கூட்டிட்டுப் போயிருப்பானுங்க. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சிருப்பான். என்னைக்காவது வாசல்ல வந்து நிப்பான் பாரு"ம்பாரு. பொங்கலுக்குப் பெரியவனுக்கு எடுக்கற மாதிரியே சின்னவனுக்கும் வேட்டி எடுப்பாரு. அத்தை போய்ச் சேந்தப்பகூட, "சின்னவனுக்கு இப்ப சொல்ல வேணாம், வந்ததும் சொல்லிக்கலாம்"னாரு. அந்த ஒரு நெனப்புலதான் அவரு எந்திரிச்சு நடமாடறாரு. அதுல யாராவது கை வெச்சா அவரு படுத்துடுவாருன்னு எங்களுக்குத் தெரியும். அதனால நாங்களும் "வந்துடுவான் மாமா"ன்னு சொல்லிக்கிட்டே காலத்தை ஓட்டினோம்.

சரி, படகுக்கு வரேன். கோரையாத்துல ஏறினோம். படகு ஓட்டினவரு கலந்தர் பாய், தௌபீக் அண்ணனுக்குச் சொந்தம். ரெண்டு பக்கமும் அலையாத்திக் காடு. சேத்துக்குள்ளேருந்து வேரெல்லாம் குச்சி குச்சியா மேல நீட்டிக்கிட்டு நிக்குது. கொஞ்ச தூரம் போனதும் காடு விலகி, தண்ணின்னா தண்ணி, கண்ணுக்கு எட்டின வரைக்கும் உப்புத் தண்ணி. அதுதான் லகூனாம். நான் என் புருஷன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். மாமா குனிஞ்சு ஒரு கை அள்ளி வாயில வெச்சுத் துப்பினாரு. "இவ்வளவு தண்ணி கெடந்து என்ன, ஒரு குழி நடவுக்கு ஆவாது"ன்னாரு. டெல்டாக்காரன் புத்தி எங்க போகும்!

"அந்தா தெரியுது பாருங்க, சங்குமேடு. பழைய மீன்பிடி ஊரு"ன்னு கலந்தர் பாய் கை நீட்டினாரு. "அந்தக் காலத்துல உப்பும் சங்கும் இங்கேருந்துதான் கப்பல் ஏறுமாம். உப்புக் கிடங்கு இன்னும் இடிஞ்சும் இடியாமலும் நிக்குது. டச்சுக்காரன் கட்டினதுன்னு சொல்லுவாங்க. எறங்கிப் பாத்துட்டுப் போவோம்."

கரை ஒட்டி ஒரு பொம்பளை காலை நீட்டி உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருந்தா. படகு மணல்ல இடிச்சதும் என் புருஷன்தான் மொத ஆளா குதிச்சாரு. அந்தப் பொம்பளை நிமிந்து பாத்தா. பாத்தவ அப்படியே வாயைப் பொளந்தா. கையில இருந்த வலை ஊசி கீழ விழுந்துச்சு. அப்புறம் போட்டா பாருங்க ஒரு சத்தம், "ஐயோ, வந்துட்டாரே! வந்துட்டாரே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊரே ஓடியாருது. ஒருத்தி குலவை போடறா. ஒரு பெரியவரு கையிலிருந்த மீன் கூடையைப் போட்டுட்டு ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பினாரு. வயசான ஒரு அம்மா, தங்கம்மாள்னு பேராம், நேரா வந்து என் புருஷன் காலைக் கட்டிக்கிட்டு, "எங்களைப் பாக்கணும்னு தோணுச்சாய்யா, எத்தனை வருஷம் ஆச்சு"ன்னு ஒரே அழுகை.

என் புத்தி எங்க போச்சுன்னு சொல்லவா? வேற எங்க போகும்! உரம் வாங்கப் போறேன், மீட்டிங்குக்குப் போறேன்னு மாசத்துல ஒரு தடவை வீட்டை விட்டுக் கிளம்புவாரே, அது இங்கதானான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏங்க, யாருங்க இவங்க?"

"சத்தியமா தெரியாது செவ்வந்தி."

"தெரியாமத்தான் கால்ல விழறாங்களா? எத்தனை வருஷமா நடக்குது இது? வீடு எங்க இருக்கு, காட்டுங்க, நானும் பாக்கறேன்."

"அடியே, நான் இந்த ஊருக்கே இப்பத்தான்டி வரேன்!"

தௌபீக் அண்ணன் நடுவுல பூந்து, "தங்கச்சி, இருங்க, கேப்போம்"னாரு. கேக்கறதுக்கு அவங்க விட்டாத்தானே. என் புருஷனை அலாக்காத் தூக்காத குறையா இழுத்துக்கிட்டுப் போறாங்க. அந்த இடிஞ்ச கிடங்குச் சுவத்தை ஒட்டித் தகரம் போட்ட சின்னக் கொட்டகை. முன்னாடி ஒரு வேல், அடியில ஒரு மண்மேடு, சுத்தி சிப்பி பதிச்சிருக்கு. வாழை இலையில சோறு, மேல செவசெவன்னு இறால் குழம்பு. தலையைத் தூக்கிப் பாத்தா சுவத்துல என் புருஷன்.

ஆமாங்க. பெரிசு பண்ணி, கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்ட போட்டோ. என் தாலிக்குச் சொந்தக்கார மனுஷன் என் பக்கத்துலயே பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நிக்கறாரு, அதே மூஞ்சி சுவத்துல மாலையோட தொங்குது. ஒரு நிமிஷம் கையைத் தொட்டுப் பாத்தேன், மனுஷன் சூடா இருக்காரான்னு.

அப்புறம் வந்துச்சே கோவம். "எவடி இவரு போட்டோவுக்கு மாலை போட்டது? உசுரோட கல்லு மாதிரி நிக்கறாரு, கண்ணு தெரியலையா? என் தாலியை அறுக்கவா பாக்கறீங்க?"ன்னு கத்திக்கிட்டே மாலையைப் பிய்ச்சு எறிஞ்சேன். போட்டோவையும் ஆணியிலேருந்து கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டேன். ஊர்ச்சனம் ஆன்னு பாத்துக்கிட்டு நிக்குது. எந்த சாமியோட பொண்டாட்டியும் இப்படிப் பேசி அவங்க பாத்திருக்க மாட்டாங்க.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. "அடப்பாவிகளா! நான் பெத்தது சாமியாயிடுச்சா? சங்கத்துல தெரிஞ்சா என்னை நீக்கிடுவானுங்களேடா! வளவா, அப்படியே ஒரு வரம் கொடுடா, உரம் வெல குறையட்டும்!" தௌபீக் அண்ணன் செல்போன்ல படம் எடுக்கறாரு. என் புருஷனுக்கே சிரிப்பு வந்துடுச்சு. நான் ஒருத்திதான் மூச்சு வாங்க நிக்கறேன்.

தங்கம்மாள் மட்டும் சிரிக்கல. என் புருஷனை மேலயும் கீழயும் பாத்தாங்க. "அப்ப நீங்க சாவலையா?"ன்னாங்க.

"இல்லம்மா. நான் எதுக்குச் சாவணும்?"

"அப்ப நாங்க பொதைச்சது யாரை?"

சிரிப்பு சட்டுனு அடங்குச்சு. அந்தம்மா மண்மேட்டுப் பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. கஜா அடிச்சு ஓஞ்ச மூணாம் நாளு, ஊர்ல பாதிப் படகு இல்ல, கூரை இல்ல. மிச்சமிருந்த ஒரு படகை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்காரரு வலை போட்டிருக்காரு. வலையில ஒரு ஆம்பளை உடம்பு வந்திருக்கு. முகம் பாக்கற மாதிரி இல்ல.

"எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு தாயி. வலையில வந்த மனுஷனைத் திருப்பித் தண்ணியில விட மாட்டோம். நம்மளைத் தேடி வந்த விருந்தாளின்னு சொல்லுவோம். கரைக்குக் கொண்டாந்து, எங்க வீட்டுப் புள்ளைக்குச் செய்யற மாதிரி எல்லாம் செஞ்சு பொதைச்சோம். அப்ப ரோடு கிடையாது, போனு கிடையாது. பொறவு அதிகாரிங்க வந்தப்ப சொன்னோம், எழுதிக்கிட்டுப் போனாங்க, ஒருத்தரும் தேடி வரல. சட்டைப் பையில ஜிப்பு வெச்ச கவர்ல போட்டோ இருந்துச்சு. அதுதான் அவரு முகம்னு நெனச்சுப் பெரிசு பண்ணி மாட்டினோம். அந்த வருஷம் இறால் பட்டுச்சு பாருங்க, கடனெல்லாம் அடைஞ்சு போச்சு. அதுலேருந்து அவருதான் எங்களுக்குச் சாமி."

"என் போட்டோ யாரு பாக்கெட்டுலம்மா இருக்கும்?"னு என் புருஷன் கேட்டாரு.

"சட்டைகூட இருக்குய்யா. தொவச்சு வெச்சிருக்கோம்."

தகரப் பொட்டியைத் தொறந்து எடுத்து விரிச்சாங்க. நீலக் கட்டம் போட்ட சட்டை. அடடா, இந்தச் சட்டையை எனக்குத் தெரியாதா! கும்பகோணத்துல நானே பொறுக்கி எடுத்த தீபாவளிச் சட்டை. பேங்குக்கு வேணும்னு எடுத்த போட்டோவைக் கவரோட அந்தப் பாக்கெட்டுலதான் வெச்சிருந்தாரு. சட்டையும் போச்சு, போட்டோவும் போச்சுன்னு அன்னைக்கு நான் வீட்டை ரெண்டாக்கினேன்.

என் பாழாப்போன வாய் இருக்கே, அது மனசைக் கேட்டுக்கிட்டா பேசுது? "இது உங்க சட்டைங்க! மலேசியா கிளம்பறப்ப அந்தத் திருட்டுப் பய அறிவு மாட்டிக்கிட்டுப் போனானே, அந்த..."

அங்கயே நின்னுடுச்சு. சொன்ன எனக்கே அப்பத்தான் காதுல விழுந்துச்சு.

என் புருஷன் சட்டையையே பாக்கறாரு. நான் மாமாவைப் பாக்கப் பயந்துக்கிட்டு மண்ணைப் பாக்கறேன்.

"அவன் மலேசியாவுல இருக்கான்"னு மாமா குரல் கேட்டுச்சு. ரொம்பச் சாதாரணமாச் சொன்னாரு.

கலந்தர் பாய் தயங்கித் தயங்கி வாயைத் தொறந்தாரு. "அப்ப இந்தக் கரை பூரா இறால் குளம் இருந்துச்சுங்க. வெளியூர்ப் பசங்க கூலிக்கு வந்து கொட்டகையில தங்கியிருந்தானுங்க. விசா கிடைக்காத பசங்க நெறைய. யாரு, எவரு, எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. புயல்ல குளமெல்லாம் கொட்டகையோட போச்சு. தப்பிச்சவன் போக மிச்சப் பேரும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டானுங்கன்னு நெனச்சோம்."

"அவன் ஃபேக்டரியில வேலைன்னான் பாய்"னு என் புருஷன் திணறித் திணறிச் சொன்னாரு. "போன்ல பேசறப்ப பின்னாடி மெஷின் ஓடற சத்தம் கேக்கும். நானே கேட்டேன்."

"குளத்துல ராப்பகலா காத்தாடி மோட்டார் ஓடுங்க, தண்ணிக்குக் காத்து ஏத்தறதுக்கு. அந்தச் சத்தம் அப்படித்தான் இருக்கும்."

என் புருஷன் மண்ணுல உக்காந்துட்டாரு. மலேசியா மலேசியான்னு எங்கெங்கயோ தேடினோமே! எங்க வீட்டுலேருந்து பஸ் ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேந்துடலாம், அவ்வளவு தூரத்துல கூலி வேலை பாத்திருக்கான். விசா தள்ளிப் போயிருக்கும். ஊரைக் கூட்டி ஃபிளெக்ஸ் வெச்சுக் கிளம்பின பய எந்த மூஞ்சியோட திரும்பி வருவான்? விசா வர்ற வரைக்கும் இங்க ஒண்டிக்கலாம்னு இருந்திருப்பான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன், திட்டிட்டுச் சோறு போட்டிருப்பேனே! எனக்கு அழுகை பொங்கிட்டு வந்துச்சு. மாமா எதிர்ல அழவும் முடியல.

மாமா சட்டையைத் தொடல. "ஒரு சட்டையை வெச்சுக்கிட்டு என்ன பேசறீங்க? கடையில இதே மாதிரி ஆயிரம் சட்டை தொங்குது."

"பையில என் போட்டோ இருந்துச்சேப்பா."

"எவனுக்காவது கொடுத்திருப்பான். அவன் அப்படித்தான், கேட்டா கழட்டிக் கொடுத்துடுவான்."

தங்கம்மாள் எந்திரிச்சு என்கிட்ட வந்தாங்க. அந்த போட்டோ இன்னும் என் கக்கத்துலதான் இருந்துச்சு. "உசுரோட இருக்கற மனுஷருக்கு மாலை போட்டது தப்புதான் தாயி. தெரியாமப் பண்ணிட்டோம், நீயே எடுத்துக்கிட்டுப் போ. எங்க சாமியோட போட்டோ இருந்தா ஒண்ணு கொடுங்க. முகம் இல்லாம எப்படிக் கும்பிடறது?"

என் புருஷன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு செல்போனை எடுத்தாரு. தேடினாரு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கறானே, அந்தப் படம் வந்துச்சு. பிரிண்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லி தௌபீக் அண்ணன்கிட்ட நீட்டப் போனாரு.

மாமா அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "வேணாம்."

"அப்பா..."

"உன் போட்டோவே இருக்கட்டும்டா."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. "என்ன மாமா பேசறீங்க? இவரு உங்க புள்ள இல்லையா? உசுரோட இருக்கறவரை மாலை போட்டுத் தொங்க விடச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

மாமா என்னைப் பாத்தாரு. இத்தனை வருஷத்துல அவரு கண்ணு கலங்கி நான் பாத்ததே இல்ல, அத்தைக்குக் கொள்ளி வெச்சப்பகூட. "இவனுக்கு எத்தனை மாலை போட்டாலும் எனக்குப் பயம் இல்லம்மா. ராத்திரி வீட்டுல என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான், நான் பாத்துக்குவேன். அவன் போட்டோவுக்கு ஒரு தடவை மாலை விழுந்துட்டா..." படகுப் பக்கம் திரும்பினாரு. "நான் இருக்கற வரைக்கும் வேணாம். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்கங்க."

எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. என் புருஷன் முகம் என் கையில இருக்கு. கட்டின பொண்டாட்டி எவளாவது இதைச் செய்வாளா? எங்க அம்மா கேட்டா என்னைச் செருப்பாலயே அடிக்கும். என் புருஷன் எந்திரிச்சு என் தோளைத் தொட்டு, "மாட்டிடு செவ்வந்தி"ன்னாரு. மனுஷன் வாழ்க்கையில மொத தடவையா "பாக்கலாம்"னு சொல்லல.

நானே மாட்டினேன். ஆணி அகப்படல, தௌபீக் அண்ணன்தான் பிடிச்சுக் கொடுத்தாரு. "மாலையை மட்டும் நாங்க போனப்புறம் போட்டுக்கங்க, என் கண்ணால பாக்க முடியாது"ன்னு தங்கம்மாள்கிட்டச் சொன்னேன். அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். மாமா அதுக்குள்ள விடுவிடுன்னு நடந்து படகுக்குப் போயிட்டாரு. மண்மேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு அவரு மேல அப்படி ஒரு கோவம். அவனுக்காக ஒரு பிடி மண்ணாவது எடுத்துப் போட்டா என்ன கொறைஞ்சு போகும்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வந்து ஏறினேன்.

கலந்தர் பாய் படகைத் தள்ளி விட்டாரு. இஞ்சின் போடறதுக்குக் கயித்தைக் கையில எடுத்தாரு. மாமா தண்ணியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தவரு, என் பக்கம் திரும்பாமலே மெதுவாக் கேட்டாரு.

"செவ்வந்தி, அந்தம்மா தெனமும் படையல் வெக்கறாங்களாமா?"

"வெக்கறாங்க மாமா. இலையில பாத்தீங்களே."

"பாத்தேன். ஒரே செவப்பா இருந்துச்சு." கையைத் தண்ணியில விட்டு அளைஞ்சாரு. "அவனுக்குக் காரம் ஆவாதேம்மா. நாக்கு புண்ணாயிடும். சொல்லிட்டு வந்தியா?"

என் புருஷன் முகத்தைப் பொத்திக்கிட்டாரு. "பாய், இஞ்சினைப் போடாதீங்க"ன்னு சொல்லிட்டு நான் அப்படியே குதிச்சேன். தண்ணின்னா ஆகாத நான், இடுப்புக்கு மேல தண்ணி, பொடவையெல்லாம் நனைஞ்சு கரைக்கு ஓடினேன். தங்கம்மாள் பதறிக்கிட்டு எதுக்க வந்தாங்க.

"அக்கா, இனிமே படையலுக்குக் காரம் போடாதீங்க. தயிர் சோறு வெச்சாலும் போதும். காரம் மட்டும் வேணாம்."

"ஏன் தாயி? சாமி சொல்லுச்சா?"

"இல்லக்கா. சாமியோட அப்பா சொன்னாரு."